எந்தத் தலைப்பில் எழுதுவது இந்தச் செலவை?

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் காலை மின்சார ரயிலில், மடியில் ஐந்து வயதுப் பையனும் காலடியில் கட்டைப்பையுமாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைப் பார்க்கலாம். பைக்குள் தடித்த ஒரு ஃபைல் இருக்கும். அம்பத்தூரில் ஏறும் கூட்டத்தில் நசுங்கிவிடாதபடி அதைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருப்பார்கள். மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கி, சாலையைத் தாண்டி, பார்க் ஸ்டேஷனில் இன்னொரு ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ஹால்ஸ் சாலையில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். பையனால் படி ஏற முடியாதென்றால் பாதி வழி இடுப்பில்தான்.

அப்படிப்பட்ட ஒரு ஃபைலை, தசைச் சிதைவு நோய் உள்ள பையனுடையது என்று வைத்துக்கொண்டு, புரட்டிப் பார்க்கலாம். முதல் தாள், பிள்ளை நடக்கத் தாமதமானபோது எழுதிய டானிக் சீட்டு. கெண்டைக்கால் தடித்திருப்பதைப் பார்த்து ‘நல்லா புஷ்டியாத்தானே இருக்கான்’ என்று பாட்டி சொல்லியிருப்பார். ஆகவே கொஞ்ச நாள் அப்படியே போயிருக்கும். பிறகு ஏதோ காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தபோது எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் எகிறியிருக்கும். உடனே கல்லீரல் கோளாறு என்ற சந்தேகம், வயிற்று ஸ்கேன், மஞ்சள் காமாலை டெஸ்டுகள், இன்னொரு டாக்டர், இன்னொரு லேப், மறுபடியும் அதே டெஸ்டுகள். அந்த இரண்டு என்சைம்களும் சிதையும் தசையிலிருந்தும் ரத்தத்தில் கசியும் என்பது யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றியிருக்காது. தரையில் உட்கார்ந்த பையன் எழும்போது முழங்காலிலும் தொடையிலும் கை ஊன்றி, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவதுபோல எழுவதை ஒரு டாக்டர் கவனித்து, சிபிகே என்ற சில நூறு ரூபாய் டெஸ்டை எழுதித் தரும்போதுதான் டுஷேன் தசைச் சிதைவு என்ற பெயர் ஃபைலுக்குள் வருகிறது. அதற்குள் இரண்டு மூன்று வருடம் போயிருக்கும். பல வீடுகளில் தம்பியும் பிறந்திருப்பான்.

அந்த ஃபைலில் இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் அரசு, கொஞ்சம் காப்பீடு, மிச்சம் குடும்பம். எதிலும் ‘மரபியல்’ என்ற தலைப்பு கிடையாது. மரபு நோய்களுக்காக மருத்துவமனைகள் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டுதான் இருக்கின்றன, பெயர் எழுதாமல். மரபியல் பிரிவுக்கு நிதி கேட்கிறவர்கள் முதலில் இதைத்தான் நிதித்துறைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்பது புதுச் செலவு போலத் தோன்றும். சிதறிக் கிடக்கும் பழைய செலவின் ஒரு பகுதியை ஓரிடத்துக்குக் கொண்டுவருவதுதான் உண்மையில் நடக்கும்.

‘டெங்கு சீசனில் படுக்கை கிடைக்கவில்லை, இதில் ஜெனிடிக்ஸ் வேறா?’ என்ற எரிச்சலான கேள்வி இதற்குப் பதிலாக வரும். நியாயமான கேள்விதான். பல ஆயிரம் ரூபாய் பிடிக்கும் எக்ஸோம் என்ற மரபணு சோதனையை எழுதித் தருவதும், அதன் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு ‘இதற்கு மருந்து இல்லை’ என்று அனுப்புவதும்தான் மரபியல் என்றால், அந்தப் பணத்தில் கொசுவலை வாங்கலாம். அதற்கு மேல் என்ன கிடைக்கிறது என்பதைக் கணக்கோடு காட்ட வேண்டியது கேட்கிறவர்களின் பொறுப்பு.

டுஷேன் நோயையே எடுத்துக்கொள்வோம். ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரைத் தாக்கும் இது. மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களில் குறை தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. அப்படி வந்திருந்தால், அடுத்துப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாயின் தங்கைக்கும் அந்தக் குறை இருக்கலாம், அவருக்குத் தெரியாது. எம்எல்பிஏ என்ற மரபணு சோதனை பத்துக்கு ஏழு பையன்களில் குறை எந்த இடத்தில் என்று காட்டிவிடும். அது தெரிந்த பிறகு தாய்க்கும் சித்திக்கும் செய்யும் சோதனை எளிது. கோவையில் பி.ஆர். லட்சுமி நிறுவிய எம்டிசிஆர்சி மையம் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான்: தமிழ்நாட்டில் இந்த நோய் உள்ள குடும்பங்களைத் தேடிப்போய்ச் சோதனை செய்வது, உட்கார வைத்துப் பேசுவது. ஒரு பையனின் ரத்தக் குழாயிலிருந்து எடுத்த சில மில்லி ரத்தம் மூன்று தலைமுறைப் பெண்களுக்குத் தகவல் தருகிறது. செலவைத் தலைக்கு வகுத்தால் மருத்துவமனையில் இதைவிட மலிவான டெஸ்ட் அதிகம் இருக்காது.

குணப்படுத்தும் மருந்து இல்லாத நோயின் கதை இது. மருந்து உள்ள நோய்களில் கணக்கு இன்னும் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. முதுகுத்தண்டு தசைச் சிதைவு, சுருக்கமாக எஸ்எம்ஏ, 2021 வாக்கில் தமிழ் வீடுகளுக்கெல்லாம் தெரிந்த பெயராயிற்று. ஒற்றை ஊசிக்குப் 16 கோடி ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் உண்டியல் குலுக்கிய காலம் அது. அதே நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் மருந்தின் ஒரு புட்டி இங்கே சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. காப்புரிமையைக் காட்டி ரோஷ் நிறுவனம் கேட்ட இடைக்காலத் தடை டெல்லி உயர் நீதிமன்றத்தில் கிடைக்காமல் போய், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்த பிறகு, ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. 20 கிலோ எடையைத் தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். 60 மில்லிகிராம் புட்டி பன்னிரண்டு நாள் வரும். ஆண்டுக்கு முப்பது புட்டி. முன்பு சுமார் 1.8 கோடி ரூபாய் பிடித்தது, அச்சிட்ட விலைப்படியே இப்போது சுமார் 4.8 லட்சம். எட்ட முடியாத உயரத்தில் இருந்த மருந்து, அரசுக் கொள்முதல் பேசக்கூடிய விலைக்கு இறங்கிவிட்டது. ஆனால் செத்துப்போன நரம்பணுக்களை இது திருப்பித் தராது. உட்காரும் சக்தி இருக்கும்போதே கொடுத்தால் உட்காருவான். பிந்தினால் அதே 4.8 லட்சம் பாதிப் பலன்தான் தரும். மருந்தின் விலை குறையக் குறைய, தாமதமான நோயறிதலின் விலை ஏறுகிறது.

இன்னொரு வரவும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, 2022-இல் திருத்தப்பட்டு, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி தர வழி செய்தது. சில என்சைம் மருந்துகளுக்கு அந்தத் தொகை ஓராண்டுக்கே காணாது என்ற குறை நீதிமன்றங்கள் வரை போயிருக்கிறது. அது வேறு சண்டை. அந்தப் பணம் அங்கீகரிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியாகத்தான் வரும். தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அப்படியொரு மையம். ஃபைலில் ‘காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைபாடு’ என்று எழுதியிருந்தால் ஒரு ரூபாய் வராது. நோயின் பெயர், மரபணு அறிக்கையோடு, வேண்டும். மாநிலம் சோதனைக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு சில ஆயிரமும், தகுதியுள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை, டெல்லியிலிருந்து லட்சங்களை இழுத்துவரும் கயிறு. மாநிலத்துக்கு வர வேண்டிய நிதிப் பங்கைப் பற்றி இவ்வளவு பேசும் ஊரில் இந்தக் கயிறு ஏன் சும்மா கிடக்கிறதோ!

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தம் இன்னும் எளிய கணக்கு. பிறவித் தைராய்டு குறைபாட்டைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தது. ஏறக்குறைய 1,100 பேருக்கு ஒருவர் என்ற அளவில் குறை தெரிந்தது. சென்னையில் அதைவிட அதிகம், 700 சொச்சம் பேருக்கு ஒருவர். (பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பரம்பரையாக வருவதில்லை. ஆனாலும் பல நாடுகளில் பச்சிளங்குழந்தைச் சோதனையும் மரபியல் பிரிவும் ஒரே கூரையின் கீழ்தான் வளர்ந்தன.) சோதனைக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் குழந்தைக்கு ஒருவர் என்றாலும், ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு 2 லட்சம். பிறகு தினமும் ஒரு தைராக்சின் மாத்திரை, தலைவலி மாத்திரை விலையில். முதல் சில வாரங்களில் கோட்டைவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும். கடுமையான மாற்றுத்திறனுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை இப்போது மாதம் 2,000 ரூபாய். ஐம்பது ஆண்டுக்கு அதுவே 12 லட்சம். தவறவிட்ட எல்லாக் குழந்தைக்கும் அவ்வளவு பாதிப்பு வராது என்று பாதியாக, கால்வாசியாகக் குறைத்தாலும் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை. சிறப்புப் பள்ளி, தெரபி, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த தாயின் சம்பளம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. கேரளம் அரசு மருத்துவமனைகளில் இதைச் செய்கிறது. நாடு முழுமைக்குமான திட்டம் இன்னும் வரவில்லை.

இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நடப்பதில்லை? டாக்டர்களின் அலட்சியம், அதிகாரிகளின் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மையான காரணம் சட்டைப்பைகள். சோதனைக்குப் பணம் போட வேண்டியது மருத்துவக் கல்வித் துறையின் பையிலிருந்து. மிச்சமாகும் ஐசியு நாட்கள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் பையில் விழும். குறையும் உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பையில். குடும்பத்துக்கு மிச்சமாகும் ரயில் சார்ஜும் நாள் கூலியும் எந்த அரசுப் பையிலும் விழாது. போடுகிறவர் ஒருவர், எடுக்கிறவர் வேறொருவர் என்றால் எந்த மருத்துவமனை முதல்வர் கோப்பில் கையெழுத்துப் போடுவார்? ஆகவே இந்தக் கோரிக்கையைத் தனியொரு மருத்துவமனையின் வரவு செலவுக்குள் அடைத்துவைத்து வாதாடினால் தோற்றுத்தான் போகும். எல்லாப் பைகளையும் ஒன்றாகப் பார்க்கக்கூடிய நிதித்துறையில்தான் வாதாட வேண்டும்.

வெளிநாட்டில் இப்படி எல்லாப் பைகளும் தெரிகிறவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா மாநிலம் ஏழைகளுக்கான தன் காப்பீட்டில் வரும் பச்சிளங்குழந்தைகளுக்காக 20 லட்சம் டாலர் ஒதுக்கி, ‘பேபி பேர்’ என்ற பெயரில் ஒரு முன்னோட்டம் நடத்தியது. ஐந்து மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், காரணம் புரியாமல் கிடந்த 178 குழந்தைகளுக்கு முழு மரபணுத் தொகுப்பும் சில நாட்களில் படிக்கப்பட்டது. நூற்றுக்கு 43 பேருக்குப் பெயர் கிடைத்தது. தேவையற்ற அறுவை சிகிச்சைகளும் படுக்கை நாட்களும் குறைந்ததில் சுமார் 25 லட்சம் டாலர் மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள். மெல்பர்னில் நடந்த ஆய்வு வேறு விதம்: வழக்கமான டெஸ்டுகளை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போவதற்குப் பதில் ஆரம்பத்திலேயே எக்ஸோம் செய்தபோது, நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை மூன்று மடங்கானது, அப்படி ஒருவரின் நோயைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு மூன்றில் ஒரு பங்கானது.

இந்த எண்களை அப்படியே எடுத்துவந்து கோட்டையில் நீட்டுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அமெரிக்க ஐசியு ஒரு நாளைக்குப் பிடுங்கும் பணமும் நம் அரசு மருத்துவமனை என்ஐசியு நாளின் செலவும் ஒன்றல்ல. அங்கே படுக்கை விலை அதிகம், அதனால் மிச்சமும் பெரிது. நம்மூரில் மிச்சத்தின் பெரும்பகுதி குடும்பத்தின் மடியில் இருக்கிறது. அதை அளக்க அதிகம் பேர் மெனக்கெட்டதில்லை. இன்னொன்று: எல்லா நோயறிதலும் செலவைக் குறைக்காது. சில பெயர்கள் தெரிந்தால் பெரிய மருந்துச் செலவு தொடங்கும். அதை மறைத்து வாதாடினால் இரண்டாம் ஆண்டு தணிக்கையில் மொத்தத் திட்டமும் சந்தி சிரிக்கும்.

போடவே கூடாத ஒரு கணக்கும் உண்டு. ‘இத்தனை குழந்தைகள் பிறக்காமல் தடுத்தோம், இத்தனை கோடி மிச்சம்’ என்பது அது. எழுபதுகளில் சைப்ரஸ், ஏழு பேருக்கு ஒருவர் தலசீமியா குறையைச் சுமக்கும் கடத்திகளாக இருந்த நாடு, ரத்தமும் மருந்தும் சேர்ந்து சுகாதார பட்ஜெட்டையே விழுங்கிவிடும் என்று கணக்குப் பார்த்துத்தான் சோதனையைத் தொடங்கியது. அந்தத் திட்டம் வெற்றி பெற்றது. ஆனால் அதே கணக்கை இன்று இங்கே அரசாணை மொழியில் எழுதினால், சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகும் பிள்ளையை ‘தவிர்த்திருக்கக்கூடிய செலவு’ என்று சொன்னதாகிவிடும். குடும்பம் தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவு குடும்பத்தினுடையது. அது எந்தப் பக்கம் போனாலும் மருத்துவமனை வெற்றி தோல்வி எழுதக் கூடாது. எத்தனை நாளில் பெயர் தெரிந்தது, எத்தனை டெஸ்ட் மறுபடி செய்யாமல் தப்பியது, எத்தனை படுக்கை நாள் குறைந்தது, எத்தனை உறவினர்களுக்குத் தகவல் போனது என்பவற்றை எண்ணினாலே போதுமான வாதம் இருக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த வாதத்துக்குத் தனி வலு உண்டு. போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் மனித மரபியலுக்கென்றே துறை இருக்கிறது. முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷன், மத்திய உயிரி தொழில்நுட்பத் துறை 2019-இல் தொடங்கிய ‘உம்மீத்’ திட்டத்தில் அரசு டாக்டர்களுக்கு மரபியல் பயிற்சி தரத் தேர்ந்தெடுக்கப்பட்ட மையங்களில் ஒன்று. அதே ரயில் பாதையில் மேற்கே போய்க் காட்பாடியில் இறங்கினால் வேலூர் சிஎம்சி. அங்கே கடுமையான ஹீமோஃபிலியா உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன்பின் கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை என்று 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழில் எழுதினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவருக்கு அறிவும் ஆளும் பஸ் தூரத்தில் இருக்கின்றன. இடையில் நிற்பது கட்டண கவுன்ட்டர்.

ஆகவே ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் அரசு மருத்துவமனைகளில் ஆளுக்கொரு மரபணு படிக்கும் சீக்வென்சர் இயந்திரம் வாங்கிவைப்பது தேவையற்ற வேலை. ஒரு சுற்றுக்குப் போதுமான மாதிரிகள் சேரும்வரை அது தூசி படிந்து கிடக்கும், ரீஏஜென்ட் காலாவதியாகும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு பிரிவு போதும். இரண்டு மரபணு ஆலோசகர்கள், மாதம் 40,000 ரூபாய் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 9.6 லட்சம். எழும்பூரிலிருந்து வாரம் ஒரு நாள் வரும் நிபுணருக்கும், மாதிரிகளை ஏற்றிச்செல்லும் வண்டிக்கும் ஒரு 10 லட்சம். நூறு குடும்பங்களுக்குச் சோதனை, குடும்பத்துக்கு 20,000 வீதம், 20 லட்சம். எல்லாம் தோராயம்தான், டெண்டர் போட்டால் சோதனை விலை இறங்கவும் செய்யும். மொத்தம் சுமார் 40 லட்சம். ஒரே ஒரு நோயாளிக்கு மத்தியக் கொள்கை அனுமதிக்கும் உச்சவரம்பைவிட 10 லட்சம் குறைவான பணத்தில் ஒரு மாவட்டத்தின் மரபியல் பிரிவு ஓராண்டு ஓடும்.

இதில் இஎஸ்ஐ ஏன் சேரக் கூடாது என்பது தனிக் கேள்வி. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் பிடிக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க இப்படிப் பணம் போகிறது. தொழிலாளியின் பிள்ளைக்கு அரிய நோய் என்றால் பெரிய மருந்துச் செலவு கடைசியில் இஎஸ்ஐ தலையில்தான் விழும். முன்கூட்டியே கண்டறியும் பிரிவின் செலவில் அது ஒரு பங்கு போடுவது தர்மகாரியமாக இருக்காது, சொந்த லாபமாகவே இருக்கும்.

ஆலோசகருக்குத் தரும் சம்பளத்தைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். இயந்திரம் வாங்கினால் ரிப்பன் வெட்டலாம். பேசுகிறவருக்குச் சம்பளம் கொடுத்தால் போட்டோ எடுக்க முடியாது. ஆனால் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் சொந்தத்தில் நடக்கின்றன. நாட்டின் சராசரி 11. ஓபியில் மூன்று நிமிடத்தில் ‘சொந்தத்துல கட்டினா இப்படித்தான்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண், வீட்டில் மாமியாரிடம் அதையே ஆயுளுக்கும் கேட்டுக்கொண்டிருப்பார். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது உண்மை. அப்படிப் பிறக்கும் நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதும் உண்மை. டுஷேன் போன்ற நோய்க்குச் சொந்தத்தில் கட்டியது காரணமே இல்லை. இதையெல்லாம் கணவன், மனைவி, மாமியார் மூவரையும் உட்கார வைத்துச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரமாவது பிடிக்கும்.

அதோடு அந்த வேலை முடிவதும் இல்லை. ஆவடி ரயிலில் போன அந்தப் பையனின் சித்தி பூந்தமல்லியில் இருக்கிறார், இப்போது மூன்றாம் மாதம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் கடத்திதானா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். கடத்தி என்றால், நஞ்சுக்கொடித் திசுவைப் பதினோராவது வாரத்திலிருந்து எடுக்கலாம். பனிக்குட நீர் என்றால் பதினாறாவது வாரத்துக்குப் பிறகு. முடிவு வர இரண்டு மூன்று வாரம். குடும்பம் எதை முடிவு செய்வதானாலும் சட்டம் வைத்திருக்கும் கெடுவுக்குள் யோசிக்க அவகாசம் வேண்டும். அக்காள் வழியாக நம்பரை வாங்கி, சித்திக்கு இந்த வாரமே யாராவது போன் செய்ய வேண்டும். மேலே போட்ட பட்ஜெட்டில் அந்த அழைப்பு 9.6 லட்ச ரூபாய் வரியில் வருகிறது.